கடல் நுண்பாசிகளின் ஸ்டெரால்கள்

1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கடற்பிராணிகளின் கொழுப்புப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த வெர்னர் பெர்க்மன் என்னும் ரசாயன அறிஞர், பவளங்களுக்கு உறவான கோர்கோனியா என்ற ஜந்துவிலிருந்து, அதுவரை யாரும் கண்டிராத ஒரு ஸ்டெராலைத் தம் சகாக்களுடன் சேர்ந்து பிரித்தெடுத்து, அது கிடைத்த ஜந்துவின் பெயரையொட்டி அதற்குக் கோர்கோஸ்டெரால் என்று பெயர் சூட்டினார். பெயர் சூட்டுவது எளிதாக முடிந்தது. அதன் அமைப்பைத் தெளிவதற்கு 1970 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கருத்தடை மாத்திரைக்கு ஆதாரமான ஹார்மோன் ஒன்றை 1951இல் மெக்ஸிகோ நகரில் செயற்கையாக ஆக்கிய குழுவை நடத்திப் புகழ்பெற்றவரும், பின்னர் கடல்வாழ் உயிர்களின் ஸ்டெரால்களில் பல ஆண்டுகளைச் செலவிட்டவருமான கார்ல் ஜெராஸியும் வேறு சில ஆராய்ச்சியாளரும், கோர்கோஸ்டெராலின் பக்கச் சங்கிலியிலே மூன்று கரியணுக்களாலான ஒரு சின்னஞ்சிறு வளையம் இருப்பதை அந்த ஆண்டில் வெளியிட்டபோது, உயிர்ப்பொருள்களின் உற்பத்தி முறையை அறிந்தவர்கள் திகைத்தார்கள். ஏனெனில் அத்தகைய வளையம் அவ்விடத்தில் உண்டாவதற்கு அவர்கள் அறிந்த எந்த வழியும் இடம் தரவில்லை.

ஜந்துவிலிருந்து எடுத்தது ஜந்துவினுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்ற நியாயம் கடலிலே செல்லுபடியாகாது. கோர்கோனியாவின் திசுக்களுக்குள்ளே, சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் டைனோஃப்ளாஜெல்லேட் வகை நுண்பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவற்றிலும் அதே ஸ்டெரால் காணப்படுகிறது என்பது 1960களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. ஆயினும், விருந்தாளி செய்ததா, வீட்டுக்காரன் செய்ததா என்ற ஐயம் நீங்குவதற்கு, ஜந்துவின் சம்பந்தமே இல்லாமல் தனித்து வளர்க்கப்பட்ட பாசி ஒன்று தேவைப்பட்டது. 1979இல், பெரிடினியம் ஃபோலியேஸியம் என்ற டைனோஃப்ளாஜெல்லேட்டைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்து ஆராய்ந்தபோது, அதே முக்கோண வளையத்தைத் தாங்கிய ஸ்டெரால்கள் அதிலிருந்து கிடைத்தன. ஜந்துவின் பெயரைச் சுமந்து நின்ற பொருளை ஆக்கவல்லது பாசி என்பது அன்று நிரூபணமாயிற்று.

இந்த வரலாற்றை முதலிலே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு ஸ்டெரால் எது என்று கேட்பதும், அது எப்படி உண்டாயிற்று என்று கேட்பதும் இருவேறு சாஸ்திரங்களுக்குரிய இருவேறு கேள்விகள் என்று பாடப்புத்தகங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. அவை பிரிக்கத் தகாதவை என்பதும், இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாதவரை முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடை அரைகுறையாகவே நிற்கும் என்பதும் என் துணிபு.

ஸ்டெரால் என்றவுடன் நமக்கு ரத்தப் பரிசோதனையும் கொலஸ்டெராலும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வியாதிக்கும் ஸ்டெராலுக்கும் உள்ள சம்பந்தம் மிகச் சிறியது. உயிருக்கும் அதற்கும் உள்ள சம்பந்தமே பெரியது. ஆறு கரியணுக்கள் கொண்ட மூன்று வளையங்களும் ஐந்து கரியணுக்கள் கொண்ட ஒரு வளையமும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, ஒரு கோடியிலே ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு முனையும், மறுகோடியிலே நீண்டதொரு பக்கச் சங்கிலியும் அமைந்த இந்த மூலக்கூறு, உயிரணுவைச் சூழ்ந்த மெல்லிய சவ்வுக்குள்ளே செருகி நின்று, அச்சவ்வு உறைந்து போகாமலும் ஒழுகிப் போகாமலும் பதமாக வைத்திருக்கிறது. பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பான்மையானவை ஸ்டெரால் இன்றியே காலம் தள்ளுகின்றன. மனிதன் முதல் காளான் வரை, தென்னை முதல் கண்ணுக்குத் தெரியாத டயாட்டம் என்ற நுண்பாசி வரை, உட்கரு உள்ள உயிரணுக்களுக்கோ அது இன்றியமையாதது.

கொலஸ்டெராலின் கரியணுக்கள் இருபத்தேழு. அவற்றுள் இருபத்துநான்காவது என்று எண்ணிடப்பட்டது பக்கச் சங்கிலியில் இருக்கிறது. விலங்குகள் அதில் எதையும் சேர்ப்பதில்லை. காளான்கள் அவ்விடத்தில் ஒரு கரியணுவைச் சேர்த்து எர்கோஸ்டெராலை ஆக்குகின்றன. நிலத்துத் தாவரங்களோ பெரும்பாலும் இரண்டைச் சேர்த்துச் சிட்டோஸ்டெராலை ஆக்குகின்றன. கடல் நுண்பாசிகளிடம் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. நானோகுளோராப்ஸிஸ் என்ற பாசி விலங்குகளைப் போலவே கொலஸ்டெராலை முதன்மையாகக் கொண்டிருக்கிறது. ஐஸோகிரைஸிஸ் ஒரு கரியணுவைச் சேர்த்துக்கொள்கிறது. பச்சைப் பாசிகளிற் பல இரண்டைச் சேர்க்கின்றன. அமெரிக்கக் கீழ்க்கரையின் விரிகுடாக்களில் நீரைப் பழுப்பாக்கிச் சிப்பிகளை வாட்டும் ஆரியோகாக்கஸ் அனோஃபாகெஃப்ரன்ஸ் என்ற பாசியின் இனம் மூன்றைச் சேர்க்கிறது. டைனோஃப்ளாஜெல்லேட்டுகளோ இருபத்துநான்கோடு நில்லாமல் இருபத்துமூன்றாவது கரியணுவையும் விட்டுவைப்பதில்லை.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் இறால் வளர்ப்போரை விசாரிக்கலாம். இறாலும் நண்டும் உள்ளிட்ட ஓட்டுடலி இனங்களுக்குத் தாமாக ஸ்டெராலை ஆக்கிக்கொள்ளும் சக்தி கிடையாது. அவை பாசியிலிருந்தும், பாசியைத் தின்ற சிற்றுயிர்களிலிருந்தும் அதைப் பெற்று, இருபத்துநான்காவது இடத்தில் ஒட்டியிருக்கும் உபரிக் கரியணுக்களைக் கழற்றி எறிந்து, தமக்கு வேண்டிய கொலஸ்டெராலாக மாற்றிக்கொள்கின்றன. வளர்ப்பு இறாலின் தீவனத்தில் கொலஸ்டெராலைச் சேர்ப்பது இதனால்தான். சிப்பி இனங்களுக்கும் இந்தச் சக்தி சொற்பமே. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1981இல் முத்துச்சிப்பியின் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலே வளர்த்துக் காட்டியபோது, அவற்றுக்கு ஊட்டிய உணவு மேலே சொன்ன ஐஸோகிரைஸிஸ் பாசியே. அக்குஞ்சுகள் அதிலிருந்து பெற்றவற்றுள் ஸ்டெராலும் ஒன்று.

இனி, பாசியின் ஸ்டெராலை இனங்காணும் விதத்தைப் பார்ப்போம். குடுவையில் வளர்ந்த பாசியை வேகமாகச் சுழற்றி நீரினின்று பிரித்தால், அடியில் பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு விழுது படியும். அதைக் குளோரோஃபாரமும் மெதனாலும் கலந்த திரவத்தில் குலுக்கினால், கொழுப்பிலே கரையும் பொருள்கள் யாவும் வெளியே வந்துவிடும். ஸ்டெராலுடன் பச்சையமும், மஞ்சள் நிறமிகளும், எண்ணெய்களும் ஒருங்கே வருவதால், அந்தச் சாற்றைக் காரத்தோடு காய்ச்சுவார்கள்; எண்ணெய்கள் சோப்பாகி நீரோடு போய்விட, சோப்பாகாத பகுதி ஹெக்ஸேன் என்னும் திரவத்தில் தங்கும். நாம் தேடும் பொருள் அதிலே இருக்கிறது. பழைய காலத்து ஆராய்ச்சியாளர்கள் அதனோடு டிஜிட்டோனின் என்ற தாவரப் பொருளைச் சேர்த்து ஸ்டெராலை வெண்மையான வீழ்படிவாக இறக்கினார்கள். ஸ்டெரால்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1928இல் நோபல் பரிசு பெற்ற அடால்ஃப் வின்டவுஸ் 1909இல் காட்டிய வழி அது. ஒரு நுண்பாசியில் பத்துப் பன்னிரண்டு ஸ்டெரால்கள் கலந்து கிடப்பதால், இத்தகைய வீழ்படிவு ‘ஸ்டெரால் உண்டு’ என்று சொல்லுமேயன்றி, எது என்று சொல்லாது.

எது என்று சொல்ல இக்காலத்தில் வாயு வண்ணப்பிரிகை-நிறை நிறமாலைக் கருவி வந்திருக்கிறது. ஸ்டெராலின் ஆக்ஸிஜன் முனையில் ஸிலிக்கான் அடங்கிய ஒரு தொகுதியை ஏற்றி அதை ஆவியாகத்தக்கதாக்கி, மயிரிழை போன்ற நீண்ட குழாயினூடே செலுத்தினால், கலவையிலுள்ள ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். வெளிவந்ததை எலெக்ட்ரான்களால் தாக்கி உடைத்து, துண்டுகளின் எடையைக் கருவி குறித்துக்கொள்ளும். கொலஸ்டெரால் இவ்விதம் உடைபடும்போது, முழு மூலக்கூறுக்குரிய 458 என்ற எடையோடு, 368, 329, 129 ஆகிய எடைகளும் தாளில் எழுகின்றன. 129 என்பதும், முழு எடையில் 129 குறைந்த 329 என்பதும் சேர்ந்து வந்தால், ஐந்தாவது கரியணுவில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது என்று பயின்ற கண் உடனே சொல்லிவிடும். டைனோஃப்ளாஜெல்லேட்டுகளின் சிறப்புப் பொருளான டைனோஸ்டெராலிலோ அந்தப் பிணைப்பு இல்லை. ஆகையால் 129க்கு அங்கே முக்கியத்துவம் இல்லை. முழு எடை 500ஆகவும், பக்கச் சங்கிலியிலிருந்து பிறக்கும் 69 என்ற துண்டு யாவற்றினும் ஓங்கியும் நிற்கும். கோனியாலாக்ஸ் டமரென்ஸிஸ் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட நச்சுப்பாசியிலிருந்து இந்த டைனோஸ்டெராலை 1976இல் ஷிமிஸுவும் அவருடைய சகாக்களும் முதன்முதலாகத் தெளிவுபடுத்தினார்கள்.

எடையைக் கருவி சொல்கிறது; பிணைப்பின் இடத்தையும் ஓரளவு சொல்கிறது. ஆனால் அது சொல்ல மாட்டாத ஒன்று உண்டு. இருபத்துநான்காவது கரியணுவில் ஒட்டிய தொகுதி இரு திசைகளில் ஏதேனும் ஒன்றை நோக்கி நிற்கலாம். ஒரே ஜோடியின் இரு செருப்புகளைப் போல, எடையிலும் உறுப்புகளிலும் ஒன்றாகவே இருந்தும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாத இரண்டு வடிவங்கள் அவை. ஆல்ஃபா என்றும் பீட்டா என்றும் அவற்றைக் குறிக்கிறார்கள். நிலத்துத் தாவரங்களில் ஆல்ஃபா வடிவம் மிகுதி. பாசிகளில் பீட்டா மிகுதி என்பது பொது விதி. வாயு வண்ணப்பிரிகைக் குழாயிலிருந்து இவ்விரண்டும் சேர்ந்தே வெளிவரும். உடையும்போதும் ஒரே துண்டுகளாகவே உடையும். சக்தி வாய்ந்த காந்தப் புலத்தில் வைத்து ஹைட்ரஜன் அணுக்களின் குறிகைகளை நுட்பமாக அளக்கும் கருவி வந்த பின்னரே, லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோட் என்பவரும் அவருடைய சகாக்களும் இந்த வேறுபாட்டைத் தெளிவாக அளக்கலானார்கள். அப்போது தெரிந்தது என்னவென்றால், ஃபியோடாக்டைலம் டிரைகார்னூட்டம் என்ற டயாட்டத்தில் உள்ளது, கடுகினத்து எண்ணெயிலிருந்து பெயர் பெற்ற பிராஸிகாஸ்டெரால் அன்று. அதற்கு எதிர்த்திசை கொண்ட எபிபிராஸிகாஸ்டெரால் என்பதே. பொது விதியின்படி பீட்டாவாக இருக்க வேண்டிய இடத்தில் ஆல்ஃபா இருந்தது.

ஏன் இப்படி என்று கேட்டால், ஆக்க முறையைத்தான் ஆராய வேண்டும். உயிரணு ஸ்டெராலை ஆக்கும் வழியின் முற்பகுதி எல்லா இனங்களுக்கும் ஏறக்குறைய பொதுவானது. காடியின் மூலமான அஸெட்டேட் என்னும் இரு கரியணுத் துண்டுகள் பதினெட்டைச் செலவழித்தே ஒரு கொலஸ்டெரால் உருவாகிறது. அடையாளமிட்ட அணுக்களைப் புகுத்தி இதை விளக்கிய கொன்ராட் ப்ளோக் என்பவருக்கும், இத்துறையிலேயே உழைத்த ஃபியோடோர் லூனனுக்கும் 1964இல் நோபல் பரிசு கிடைத்தது. துண்டுகள் ஐந்து கரியணுக் கூறுகளாகிப் பின்னர் ஸ்க்வாலீன் என்ற முப்பது கரியணு நெடுஞ்சங்கிலியாகின்றன. 1906இல் ஜப்பானியரான ட்ஸுஜிமோட்டோ சுறாமீனின் ஈரல் எண்ணெயில் கண்ட பொருள் அது. ஐந்து கரியணுக் கூறுகளை ஆக்குவதிலேயே பாசிகள் வேறுபடத் தொடங்கிவிடுகின்றன: டயாட்டங்கள் தம் ஸ்டெராலுக்கு, விலங்குகளைப் போலவே, மெவலோனிக் அமிலத்தின் வழியைப் பின்பற்ற, பச்சைப் பாசிகளிற் பெரும்பகுதி அவ்வழியை அறவே இழந்துவிட்டு, பசுங்கணிகத்துக்குள் நடைபெறும் வேறொரு வழியையே எல்லாவற்றுக்கும் நம்பி நிற்கின்றன.

ஸ்க்வாலீனின் ஒரு கோடியில் ஆக்ஸிஜன் ஏறியதும், நெடுஞ்சங்கிலி மடிந்து நான்கு வளையங்களாகிறது. இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. விலங்குகளும் காளான்களும் லானோஸ்டெரால் என்ற பொருளை அடைகின்றன. நிலத்துத் தாவரங்களும், ஒளியால் வாழும் பாசிகளிற் பலவும் ஸைக்ளோஆர்ட்டினால் என்ற பொருளை அடைகின்றன. டயாட்டங்கள் இதில் தாவரங்களின் பக்கமே நிற்கின்றன. ஆனால் பிற்பகுதியில் காளான்களின் சாயலையும் கலந்துகொள்கின்றன என்பது ஃபியோடாக்டைலத்தின் மரபணுக்களை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வினால் விளங்கியது. ஆக்ஸிஜனை ஏற்றும் நொதி எல்லா இனங்களுக்கும் ஒன்றுதான் என்று அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். அந்த நொதிக்குரிய மரபணுவே டயாட்டத்தில் காணப்படவில்லை. அதே வேலையைச் செய்யும், வேறு வம்சத்தைச் சேர்ந்த ஒரு நொதி அங்கே இருப்பதாக 2019இல் நிரூபித்தார்கள். காளான் நோய்க்குத் தரும் டெர்பினாஃபின் என்ற மருந்து பழைய நொதியை முடக்கும். இந்தப் புதிய நொதியை அது தீண்டுவதில்லை.

இனி, இருபத்துநான்காவது இடத்தில் கரியணு ஏறும் காட்சி. என் மனத்தை இவ்விஷயத்தில் மிகவும் கவர்ந்த பரிசோதனை இதற்குரியது. உபரிக் கரியணுக்களைத் தருவது மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். அதனிடம் உள்ள மீதைல் தொகுதியில் ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் உண்டு. அம்மூன்று ஹைட்ரஜன்களுக்குப் பதிலாக, இருமடங்கு எடையுள்ள டியூட்டீரிய அணுக்களை அமைத்து, அத்தகைய மெத்தியோனினை ஆக்ரோமோனாஸ் மல்ஹமென்ஸிஸ் என்ற பொன்னிறப் பாசிக்கு ஊட்டினார்கள். அது நன்னீர்ப் பாசியேயாயினும் கடற்பாசிகளின் விஷயத்துக்கும் வழிகாட்டியாயிற்று. இரண்டு மீதைல்கள் ஏறினால் ஆறு டியூட்டீரியங்கள் ஏற வேண்டும். முதல் மீதைல் ஏறியதும் அதிலிருந்து ஒன்று கழன்று இரட்டைப் பிணைப்பு உண்டாகிறது. அதன்மேல் இரண்டாவது மீதைல் வந்து அமர்கிறபோது மொத்தம் ஐந்து. இந்த ஐந்தும் நிலைத்தால் ஒரு வழி; இன்னொன்றும் கழன்று நான்காக நின்றால் வேறு வழி. லிவர்பூலின் குட்வினும் கோடும், பிரான்ஸின் லெடரரும் 1960களில் கண்ட எண்ணிக்கை நான்கு. பச்சைப் பாசிகள் சிலவற்றிலோ ஐந்தும் நிலைத்திருந்தன. இறுதியில் கிடைக்கும் ஸ்டெரால் ஒன்றாகவே இருந்தும், அதை ஆக்கிய வழி வேறு என்பதைக் கழன்றுபோன ஓர் அணுவின் கணக்கே காட்டிக் கொடுத்தது. எங்கே ஹைட்ரஜன் கழல்கிறது, பின்னர் எந்தப் பக்கத்திலிருந்து ஹைட்ரஜன் வந்து ஏறுகிறது என்பதைப் பொறுத்தே ஆல்ஃபாவோ பீட்டாவோ அமைகிறது.

டைனோஸ்டெராலையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். வளையங்கள் உருவான கட்டத்தில் நான்காவது கரியணுவில் இரண்டு மீதைல்கள் இருக்கின்றன. பிற இனங்கள் பெரும்பாலும் இரண்டையும் நீக்கிவிட, டைனோஃப்ளாஜெல்லேட்டுகளோ ஒன்றை மட்டும் நீக்கி மற்றதை வைத்துக்கொள்கின்றன. பக்கச் சங்கிலியிலே இருபத்துநான்காவது இடத்தில் ஒரு மீதைலும், அதன் பின் இருபத்துமூன்றாவது இடத்தில் ஒன்றும் ஏறுகின்றன. அதற்கும் மேலே ஒன்று வந்து வளையமாக மூடிக்கொண்டால், அறிஞர்களைத் திகைக்க வைத்த கோர்கோஸ்டெராலின் சங்கிலி கிடைத்துவிடுகிறது. மூன்றையும் தருவது மெத்தியோனினே.

பாசி மடிந்த பின்னும் ஸ்டெரால் அழிவதில்லை என்பதுதான் இவ்வாராய்ச்சியைப் புவியியலோடு இணைத்தது. கருங்கடலின் அடிவண்டலில் டைனோஸ்டெரால் மிகுதியாக இருப்பதை 1979இல் கண்டவர்கள், முற்காலத்தில் அங்கே டைனோஃப்ளாஜெல்லேட்டுகள் செழித்த வரலாற்றை அதிலிருந்து வாசித்தார்கள். அந்த வாசிப்பு நியாயமானது. ஆனால் அதைத் தொடர்ந்து, பிராஸிகாஸ்டெரால் கண்டால் டயாட்டம் என்றும், இரண்டு கரியணு ஏறிய ஸ்டெரால் கண்டால் ஆறு அடித்து வந்த நிலத்துத் தாவரம் என்றும் சூத்திரம் போல எழுதும் வழக்கம் பரவிற்று. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் பாசிகளை இனம் இனமாக வளர்த்து ஆராய்ந்த ஜான் வோக்மன், 1986இலேயே இதை எச்சரித்தார்: இரண்டு கரியணு ஸ்டெரால்களைக் கடற்பாசிகளும் ஆக்குகின்றன, பிராஸிகாஸ்டெராலைச் சேர்ந்த ஸ்டெரால்கள் ஹாப்டோஃபைட், கிரிப்டோஃபைட் என்னும் பாசி வகைகளிலும் ஏராளம். நெதர்லாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட டயாட்டங்களை வளர்த்துப் பார்த்தவர்கள், டயாட்டங்கள் முழுவதற்கும் பொதுவான தனியடையாளம் என்று சொல்லத்தக்க ஸ்டெரால் ஒன்றும் இல்லை என்ற முடிவுக்கே வந்தார்கள்.

இன்னும் பழங்காலத்துக்குப் போனால் தவறின் விலையும் ஏறுகிறது. பாறைக்குள் புதைந்த ஸ்டெரால்கள் ஆக்ஸிஜனை இழந்து ஸ்டெரேன்களாக நிற்கின்றன. ஓமன் நாட்டில் 63.5 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறைகளில் கிடைத்த, ஐஸோப்ரொபைல் தொகுதி ஏறிய ஒரு ஸ்டெரேனைக் கடற்பஞ்சின் எச்சம் என்றும், ஆகவே மிகப் பழைய விலங்கின் சான்று என்றும் 2009இல் அறிவித்தார்கள். பாசிகளின் ஸ்டெராலே மண்ணுக்கடியில் வெப்பத்தாலும் காலத்தாலும் மாறி அந்த உருவத்தை அடையக்கூடும் என்ற மறுப்பு 2021இல் வலுவாக எழுந்தது. மறுப்பின் பக்கமே எனக்கு நியாயம் தோன்றுகிறது.

இதற்கு மாறாக, ஆக்க முறையை அறிந்ததனால் விளைந்த வெற்றி ஒன்று உண்டு. இன்று ஸ்டெராலை ஆக்கும் வழியில் இடைப்பொருள்களாக வந்துபோகும் லானோஸ்டெரால் போன்றவை, ஒரு காலத்தில் உயிர்களின் இறுதிப் பொருள்களாகவே இருந்திருக்க வேண்டும் என்று ப்ளோக் அனுமானித்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 2023இல், ஜோகன் ப்ராக்ஸும் அவருடைய சகாக்களும், வட ஆஸ்திரேலியாவின் 164 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைகளில் அத்தகைய தொடக்கநிலைப் பொருள்களின் எச்சங்களைக் கண்டார்கள். எதைத் தேடுவது என்று ஆக்க முறை சொல்லியிராவிட்டால், அந்தச் சிகரங்களைத் தாளில் பார்த்தும் ஒருவரும் அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

நம் கடற்கரையோரக் கல்லூரிகளில் நுண்பாசி வளர்க்கும் மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் பாசியின் ஸ்டெரால் பட்டியலை வெளியிடும்போது, கருவியோடு வரும் நூலகம் காட்டிய பெயரை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். இருபத்துநான்காவது கரியணுவின் திசையை அளந்திருந்தால் எபிபிராஸிகாஸ்டெரால் என்றோ பிராஸிகாஸ்டெரால் என்றோ துணிந்து எழுதுங்கள். அளக்கவில்லையென்றால், 24-மீதைல்கொலெஸ்டா-5,22-டையீன்-3-ஆல் என்ற பொதுப்பெயரோடு நிறுத்திக்கொண்டு, திசை அளக்கப்படவில்லை என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.